நிரோஷ் – அபி கலியாணக் குழு 💐

ஞாயிறு

நிரோஷ்: எல்லாருக்கும் வணக்கம். மண்டபம், ஐயர், சாப்பாடு எல்லாம் சரிவந்துவிட்டது. தேனிலவு மட்டும்தான் இழுபடுகிறது. கலியாணம் செப்டெம்பர் 5. எட்டாம் திகதியே ரொறன்ரோவிலிருந்து கரீபியன் பக்கம் பறக்க யோசனை. 7 இரவு. டிக்கெட்டோடு சேர்த்து 10,000 கனேடிய டொலர், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. போய் வந்த ஆட்கள் சொல்லுங்கோ.

குகன் மச்சான்: மெக்சிகோவில் கன்கூன்! கண்ணை மூடிக்கொண்டு போடா. சாப்பாடு, குடி எல்லாம் உள்ளடக்கம். கையில் ஒரு பட்டி கட்டி விடுவார்கள், அதற்குப் பிறகு பர்ஸை எடுக்கவே தேவையில்லை.

சுபா மச்சாள்: ஓம், கண்ணை மூடிக்கொண்டுதான் போகவேண்டும். மூக்கையும் சேர்த்து மூடவேண்டும். நிரோஷ், நாங்கள் போனது ஜூன் கடைசி. கரை முழுக்கப் பழுப்புப் பாசி, முழங்கால் உயரத்துக்கு. காலையில் டிராக்டர் வந்து வழிக்கும், மத்தியானம் திரும்பக் குவிந்திருக்கும். அழுகின முட்டை மணம். உங்கள் மச்சான் ஒரு நாளும் கடலில் கால் வைக்கவில்லை, பார் பக்கம்தான் குடியிருந்தார்.

குகன் மச்சான்: பார் நன்றாகத்தானே இருந்தது 😌

வத்சலா அக்கா: அது சர்காசம் என்ற மிதக்கும் பாசி. 2011இலிருந்துதான் இப்படிப் பெருவாரியாக வருகிறது. மேற்கு ஆபிரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் நடுவில் பெருகி, நீரோட்டத்தோடு மேற்கே வரும். சித்திரையிலிருந்து ஆவணி மட்டும் மோசம். கிழக்கே பார்த்த கரைகளில்தான் முதலில் ஒதுங்கும். மேற்குக் கரைக்கு அவ்வளவு வராது. பத்து வருசமாகப் பயண முகவர் வேலையில் இருந்து சொல்கிறேன் தம்பி, அறையின் படத்தைப் பார்க்க முதல் வரைபடத்தில் ஹொட்டேல் எந்தக் கரையில் இருக்கிறது என்று பார்.

அபி: அக்கா, நான் ஒரு படம் சேமித்து வைத்திருக்கிறேன். போடவா?

அபி: 📷 படம்

சித்தி: வடிவாக இருக்கிறது பிள்ளை. ஆனால் சுவர் எங்கே?

அபி: நாலாவது சுவர் இல்லை சித்தி. அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அறைக்குள்ளேயே நீச்சல் குளம், அதற்கு அங்கால் நேரே மலை.

சித்தி: சுவர் இல்லாத அறைக்குக் காசு கொடுக்கிறதா? கள்ளன் வந்தால்? குரங்கு வந்தால்?

வத்சலா அக்கா: சித்தி, அது மலைச்சரிவில் இருக்கிறது, ஒருவரும் எட்டிப் பார்க்க ஏலாது. அபி, இது ஜேட் மவுண்டன் ஹொட்டேல். சென் லூசியா தீவு. மொத்தமே 29 அறை. டிவி இல்லை, டெலிபோன் இல்லை. ஏசியை எதிர்பார்க்காதே, மின்விசிறியும் கொசுவலையும்தான். ஒரு இரவே ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேல் போகும். ஏழு இரவு என்றால் நிரோஷின் பட்ஜெட் பாதி வழியிலேயே முடிந்துவிடும்.

நிரோஷ்: 🙃

பெரியப்பா: பிள்ளைகளே, எல்லாரும் எந்த இடம் என்று கேட்கிறீர்கள். எந்த மாதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டெம்பர் 10ஐ ஒட்டி. நீங்கள் எட்டாம் திகதி விமானம் ஏறப்போகிறீர்கள்.

குகன் மச்சான்: பெரியப்பா, விலை பாதியாக இருக்கும் 😅

பெரியப்பா: ஏன் பாதி என்று யோசித்தாயா? 2024 ஜூலை 1ஆம் திகதி பெரில் சூறாவளி கிரெனடாவின் கரியாக்கூ தீவைத் துடைத்துவிட்டுப் போனது. அவ்வளவு முந்திய காலத்தில் ஐந்தாம் வகைக்கு, அதாவது உச்ச வகைக்கு, வலுத்த அட்லாண்டிக் சூறாவளி பதிவிலேயே இல்லை. 2025 ஒக்டோபர் 28, மெலிசா ஐந்தாம் வகையாகவே ஜமைக்காவில் கரை ஏறியது. உச்ச மாதத்தைப் பற்றி நான் வேறு சொல்லவேண்டுமா?

அம்மா: ஐயோ, எனக்கு இப்பவே நெஞ்சு படபடக்கிறது. நயாகராவுக்குப் போய்வாருங்கோ போதும்.

நிரோஷ்: அம்மா, நயாகரா ஒன்றரை மணித்தியாலம். அங்கே நான் பள்ளிக்கூடத்தோடு போயிருக்கிறேன்.

வத்சலா அக்கா: பெரியப்பா சொல்வது சரி. செப்டெம்பரில்தான் போகவேண்டும் என்றால் தெற்கே அரூபா, குராசாவ் பக்கம் பார்க்கலாம். வெனிசுவேலாக் கரைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூறாவளிகள் பெரும்பாலும் அவற்றுக்கு வடக்கால் போய்விடும். அரூபாவில் ஈகிள் பீச் பக்கம் பெரியவர்களுக்கு மட்டுமான புக்கூட்டி என்ற ஹொட்டேல் இருக்கிறது. அமைதியான இடம். மணல் மா மாதிரி.

பெரியப்பா: தெற்கே என்றால் தப்பிவிடலாம் என்று எழுதி வைக்காதீர்கள். கிரெனடா வட அகலாங்கு 12 பாகையில்தான் இருக்கிறது, அங்கே வராது என்றுதான் சனம் இருந்தது. 2004 செப்டெம்பரில் ஐவன் வந்து வீட்டுக் கூரைகளை எல்லாம் கொண்டுபோனது. அரூபாவுக்கு ஆபத்துக் குறைவு, அவ்வளவுதான்.

அபி: அரூபா படங்கள் பார்த்தேன். காற்று, வெயில், கள்ளிச்செடி. கள்ளி பார்க்க மன்னாருக்கே போகலாமே 😄 எனக்குப் பச்சை வேண்டும். இன்னொரு விஷயம், எனக்கு நீச்சல் தெரியாது. ஆயிரம் பேர் படுத்துக்கிடக்கிற கரையும் வேண்டாம், பெரிய சத்தமும் வேண்டாம். மலை தெரியவேண்டும்.

சுபா மச்சாள்: முதல் கேட்டிருக்கவேண்டிய ஆளை இப்பதான் கேட்கிறோம் பாருங்கோ.

திங்கள்

குகன் மச்சான்: நிரோஷ், இதைப் பார். பேஸ்புக்கில் வந்தது. சென் லூசியா 7 இரவு, இரண்டு பேருக்கு 2,199 டொலர். இன்றைக்கு மட்டும்தானாம்.

வத்சலா அக்கா: அந்த விளம்பரத்தில் டைக்கோ பதிவு இலக்கம் இருக்கிறதா?

குகன் மச்சான்: அது என்ன?

வத்சலா அக்கா: ஒன்ராறியோவில் பயணம் விற்கிறவர்கள் டைக்கோ என்ற கண்காணிப்பு அமைப்பில் பதிந்திருக்கவேண்டும். பதிந்த இடத்தில் வாங்கினால், நாளைக்கு அவர்கள் கடையை இழுத்து மூடினாலும் இழப்பீட்டு நிதியில் கோரலாம். இலக்கம் இல்லாதவனுக்கு ஈ-டிரான்ஸ்பர் அனுப்பினால் காசு போனதுதான்.

குகன் மச்சான்: இலக்கம் இல்லை. அழித்துவிட்டேன்.

வத்சலா அக்கா: சரி, இப்ப சென் லூசியாவைப் பற்றிச் சொல்கிறேன். அபி கேட்டது எல்லாம் அங்கே இருக்கிறது. வேலை விஷயமாகப் போய்ப் பார்த்ததால் தெரியும். ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம் உண்டு, ஆனால் எல்லா நாளும் இல்லை. ஐந்து மணித்தியாலம் மட்டில். தெற்கே ஹெவனோரா விமான நிலையத்தில் இறக்குவார்கள். பெரிய ஹொட்டேல்கள் பல வடக்கே ரொட்னி பே பக்கம். அங்கே போக ஒன்றரை மணித்தியாலம், முழுக்க வளைவும் நெளிவும்தான். அபிக்கு வாந்தி வருமா?

அபி: நுவரெலியா பாதையில் மூன்று தரம் 🙈

வத்சலா அக்கா: அப்ப மாத்திரை எடு. மலை இருக்கிறது தென்மேற்கே, சூஃப்ரியேர் என்ற ஊரில். இரண்டு பிட்டோன் மலையும் கடலுக்குள்ளிருந்து நேரே எழும்பி நிற்கும். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நீ போட்ட படத்தில் தெரிகிறது அதுதான். ஜேட் மவுண்டனுக்குக் கீழே, அதே ஆட்களின் ஆன்ஸ் ஷாஸ்தனே ஹொட்டேல் இருக்கிறது. அதே கடல், விலை நன்றாகக் குறைவு. என் பரிந்துரை அதுதான்.

நிரோஷ்: குறை என்ன அக்கா? அதையும் சொல்லுங்கோ.

வத்சலா அக்கா: படி. நூற்றுக்கு மேல் படி, கரையிலிருந்து மேலே. வண்டி விடுவார்கள், ஆனால் காத்திருக்கவேண்டும். ஊரிலிருந்து ஹொட்டேலுக்குப் போகிற பாதை குண்டும் குழியும். மணல் வெள்ளை இல்லை, எரிமலை மணல், சாம்பல் நிறம். பக்கத்தில் சுகர் பீச் என்று இரண்டு மலைக்கும் நடுவில் ஒரு ஹொட்டேல், அங்கே வெள்ளை மணல், ஆனால் அது வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டினது. விலையும் அதற்கேற்ற மாதிரி. ஆன்ஸ் ஷாஸ்தனேயில் மேலே உள்ள அறைகளில் கண்ணாடி யன்னல் இல்லை, மரச்சட்டம்தான். காலைச் சாப்பாட்டில் சீனிக் கிண்ணத்தை மூடிவைக்கவேண்டும். ஒரு சின்னக் கறுப்புக் குருவி, உன் கைக்குப் பக்கத்திலேயே வந்து நின்று சீனியைக் கொத்தும். துரத்தினால் அடுத்த மேசைக்குப் போய் அங்கேயும் அதே வேலை.

சித்தி: சாப்பாடு என்ன மாதிரி? அபி வெள்ளி, செவ்வாய் மச்சம் தொடமாட்டாள்.

வத்சலா அக்கா: சைவம் கிடைக்கும், முன்கூட்டியே சொல்லவேண்டும். ஊர்ச் சாப்பாடு உங்களுக்குப் பழக்கமானதுதான் சித்தி. ஈரப்பலாக்காய் சுடுவார்கள். அவர்களின் தேசியச் சாப்பாடே பச்சை வாழைக்காயும் உப்பு மீனும்.

பெரியப்பா: அங்கே நம் பக்கத்து ஆட்களும் போயிருக்கிறார்கள். சென் லூசியாவுக்கு 1859இல் இந்தியக் கூலிகளின் முதல் கப்பல் வந்தது. வடக்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் மார்த்தினிக். அங்கே 1853இலிருந்தே வந்தார்கள். காரைக்கால், புதுச்சேரிப் பக்கத்தில் ஏற்றினவர்களில் தமிழர் நிறையப் பேர். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இன்றைக்கும் மாரியம்மனுக்குக் கோயில் உண்டு. கொத்தமல்லி, சீரகம், கடுகு, மஞ்சள் போட்டு ஒரு கறித்தூள் செய்வார்கள், அதற்குப் பெயர் கொலொம்போ. சென் லூசியாவின் தலைநகர் காஸ்ட்ரீசிலிருந்து படகில் போய்வரலாம். ஒரு நாளை அதற்கு ஒதுக்குங்கோ.

குகன் மச்சான்: பெரியப்பா, அது தேனிலவு. கள ஆய்வு இல்லை 😂

அபி: இல்லை, எனக்கு அந்தக் கோயில் பார்க்க விருப்பம். படகுதான் யோசனையாக இருக்கிறது.

நிரோஷ்: அக்கா, சாண்டல்ஸ் ஹொட்டேல் என்று எல்லாரும் சொல்கிறார்களே?

வத்சலா அக்கா: சென் லூசியாவில் மூன்று இருக்கிறது. சோடிகளுக்கு மட்டும், எல்லாம் உள்ளடக்கம், விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போவதும் சேர்த்தி. ஒன்றில் தங்கினால் மற்ற இரண்டிலும் போய்ச் சாப்பிடலாம். கணக்குப் பார்க்கிற ஆளுக்கு நிம்மதி. ஆனால் கலகலப்பு இருக்கும், மலை இருக்காது. ஆன்ஸ் ஷாஸ்தனேயில் அறை மட்டும் எடுத்தால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் வரி, சேவைக் கட்டணம் என்று ஏறும். அதனால் நான் சொல்வது: நாலு இரவு சூஃப்ரியேரில், காலை, இரவுச் சாப்பாட்டோடு. பிறகு மூன்று இரவு வடக்கே எல்லாம் உள்ளடக்கமாக. காசும் ஒரு மாதிரி அடங்கும். அறை எடுக்கும்போது 'பகுதிக் கடல் காட்சி' என்று போட்டிருந்தால் எடுக்காதே. பல்கனியில் எட்டிக் கழுத்தை முறித்தால்தான் கடல் தெரியும்.

செவ்வாய்

நிரோஷ்: இடம் முடிந்தது. மாதம்? அபிக்கு செப்டெம்பரில் இரண்டு வாரம் லீவு எடுத்தாகிவிட்டது.

வத்சலா அக்கா: என்னைக் கேட்டால் டிசெம்பர் முதல் இரண்டு வாரம். சூறாவளிக் காலம் அப்பதான் முடிந்திருக்கும், மழையில் நனைந்து மலை பச்சையாக இருக்கும். நத்தார் கிட்ட வந்தால் விலை துள்ளிவிடும், சித்திரை நடு மட்டும் இறங்காது. அதற்கு முதல் போய்வரவேண்டும்.

சித்தி: கலியாணம் கட்டி மூன்று மாதத்துக்குப் பிறகு தேனிலவா? அதற்குள் இரண்டு பேரும் சண்டை பிடித்து முடித்திருப்பார்கள்.

சுபா மச்சாள்: சமாதானமாகப் போவதற்கு ஒரு காரணம் இருக்கும் சித்தி 😄

அம்மா: எனக்கு டிசெம்பர் சரி. தலைத் தீபாவளிக்குப் பிள்ளைகள் வீட்டில் நிற்பார்கள். மார்கழி பிறக்க முதல் திரும்பி வந்துவிடுங்கோ.

அபி: எனக்கும் சரி மாமி. செப்டெம்பர் லீவில் ஒரு வாரத்தை டிசெம்பருக்கு மாற்றித் தரச் சொல்லி இன்றைக்கே மேலாளரிடம் கேட்கிறேன். கலியாணம் முடிந்து மூன்று நாள் நித்திரை கொண்டாலே எனக்குப் போதும்.

வத்சலா அக்கா: மூன்று விஷயம் மறக்காதீர்கள். அபி, டிக்கெட்டில் உன் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். கலியாணம் முடிந்தது என்று நிரோஷின் பெயரைச் சேர்த்துப் போட்டால் ஏறவிடமாட்டார்கள். காப்புறுதியை டிக்கெட் வாங்குகிற அன்றைக்கே எடுங்கோ. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு ஒரு சதமும் தரமாட்டார்கள். மற்றது, நகை. அங்கே கந்தக ஊற்றில் சேறு பூசிக் குளிக்கிற இடம் இருக்கிறது, வெள்ளி கறுத்துவிடும், தங்க நகையும் மங்கலாம்.

சித்தி: கன்னியா வெந்நீரூற்று மாதிரியா?

வத்சலா அக்கா: அதைவிடச் சூடு, அதைவிட மணம்.

அம்மா: தாலிக்கொடியை லொக்கரில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். சின்னச் சங்கிலி ஒன்று நான் தருகிறேன்.

பெரியப்பா: பெரிய பிட்டோன் ஏற வழிகாட்டி எடுக்கவேண்டும், விடியவே தொடங்கவேண்டும். நிரோஷ், இப்பவே மாடிப்படியில் ஏறிப் பழகு.

நிரோஷ்: நான் கீழே நின்று படம் எடுக்கிறேன் பெரியப்பா.

அபி: நான் ஏறுகிறேன்.

வத்சலா அக்கா: டிசெம்பர் 3 போய் 10 வர, இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரவு விலை சொல்கிறேன். விமானம் அந்த நாளில் இல்லாவிட்டால் ஒரு நாள் முன்பின் ஆகும். இரண்டு பேரும் கடவுச்சீட்டின் படத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கோ. குழுவில் போடாதீர்கள்.

நிரோஷ்: 📷 படம்

வத்சலா அக்கா: நிரோஷ்!! அழி.

நிரோஷ்: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

சித்தி: என்ன படம் அது? நான் பார்க்க முதல் போய்விட்டதே.