டிடாஸ் (பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் டிராஃபிக்கைக் கொட்டித் தளத்தை முடக்கும்) தாக்குதலைச் சந்தித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள் (சேலம், ஏற்காடு)

ஐந்துரோடு ரேக்:
ஏற்காடு கோடை விழா நடந்துகொண்டிருந்த நேரம். சாயங்காலம் எங்கள் ஹோஸ்டிங் லைனின் டிராஃபிக் கிராஃப் நேராக மேலே ஏறித் தட்டையாக நின்றுவிட்டது. எல்லாம் யூடிபி பாக்கெட்டுகள், சோர்ஸ் போர்ட் 53, அதாவது தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்களிடமிருந்து. டிஎன்எஸ் ஆம்ப்ளிஃபிகேஷன்: சின்னக் கேள்வியை அடுத்தவர் முகவரியில் கேட்டு, பெரிய பதிலை அவர் மேல் விழவைப்பது. கொண்டலாம்பட்டி பைபாஸே அடைத்துக் கிடக்கும்போது வீட்டு வாசலில் காவல் போட்டு என்ன பயன்? நம் ஃபயர்வாலும் அப்படித்தான். குறி ஒரே ஐபி, மலைமேல் ஒரு லாட்ஜின் புக்கிங் தளம். அதே லைனில் இருந்த செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைகள், ஒரு ஆஸ்பத்திரியின் டோக்கன் பக்கம், எதுவும் திறக்கவில்லை. அப்ஸ்ட்ரீமில் (எங்களுக்கு லைன் கொடுக்கிறவர்களிடம்) சொல்லி அந்த ஐபியை பிளாக்ஹோலில் போட்டேன், அதற்கு வருவதெல்லாம் அங்கேயே தொலைந்துவிடும். மற்றதெல்லாம் எழுந்துவிட்டது.

லாட்ஜ்காரருக்கு போனில் விளக்கினேன். அவர் கத்தவில்லை. "அப்போ அவன் நினைச்சதை நீங்களே முடிச்சுக் குடுத்துட்டீங்களா தம்பி?" என்றார். நாளைக்கே வந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனாலும் அந்தக் குரல் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

சூரமங்கலத்தான்:
எங்களுக்கு வந்தது சின் ஃப்ளட் (இணைப்பு கேட்டுவிட்டு முடிக்காமல் விடும் கோரிக்கை வெள்ளம்), ஒரு ஜவ்வரிசி வியாபாரியின் தளத்துக்கு. சின் குக்கீ (இணைப்பு முடியும்வரை சர்வரில் இடம் ஒதுக்காத முறை) போட்டதும் அடங்கிவிட்டது. ஆனால் ஐந்துரோடு சொல்வதை ஏற்க முடியாது. லாட்ஜ்காரர் கேட்டது நியாயம். போர்ட் 53 என்று தெரிந்தபிறகு ஃப்ளோஸ்பெக் கேட்டிருக்கலாமே, அந்த பாக்கெட்டை மட்டும் மேலேயே கழித்துவிடுவார்கள். 2018 பிப்ரவரியில் கிட்ஹப் (புரோகிராம் கோடு வைக்கும் தளம்) மேல் விநாடிக்கு 1.35 டெராபிட் விழுந்தது. டிராஃபிக்கை வடிகட்டித் தரும் அகமாய் நிறுவனத்தின் பக்கம் திருப்பி, பத்து நிமிடத்துக்குள் மீண்டார்கள். அது மெம்கேஷ்டி (தகவலை மெமரியில் வைத்துத் தரும் சர்வர் மென்பொருள்) வழியாக வந்தது. உங்கள் சர்வரில் அதன் போர்ட்டான யூடிபி 11211 திறந்திருந்தால் இப்போதே மூடுங்கள். சிடிஎன் (தளத்துக்கு முன்னால் நின்று டிராஃபிக்கை வாங்கிக்கொள்ளும் சேவை) பின்னால் போகிறவர்கள் பழைய ஐபியை மாற்றிவிடுங்கள், மெயில் ஹெடரிலேயே அது வெளியே தெரியும். அப்புறம், செர்ட்-இன்னுக்கு (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது 2022 முதல் கட்டாயம். நம் ஊரில் எத்தனை பேர் செய்கிறீர்கள்?

ஐந்துரோடு ரேக்:
ஃப்ளோஸ்பெக் கேட்டேன் அண்ணா. "டிக்கெட் போடுங்க, காலையில பார்க்கிறோம்" என்றார்கள். ஆஸ்பத்திரி டோக்கனைக் காலைவரை நிறுத்தி வைக்க முடியுமா?

நாகலூர் தோட்டம்:
நான் ஹோஸ்டிங் ஆள் இல்லை. காபித் தோட்டத்துக்குக் கேமராவும் டிவிஆரும் வாங்கி வைத்திருந்தேன். நெட் கொடுக்கிறவர் மேலே வந்து, "உங்க லைன்லேர்ந்து வெளியே அட்டாக் போகுது சார்" என்று வயரைக் கழற்றினார். டிவிஆரைப் பார்த்தேன். வழக்கம்போலப் பச்சை விளக்கு எரிகிறது, படமும் ஓடுகிறது. மாட்டியவர் பாஸ்வேர்டை அட்மின் என்றே விட்டுப் போயிருந்தார். 2016-இல் மிராய் என்ற வைரஸ் இப்படித்தான் பரவியது என்று மகள் படித்துக் காட்டினாள். யாரை அடித்தது என்று நெட்காரரிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. அதுவும் மே மாதம்தான். அந்த லாட்ஜாக இருக்குமோ?

ஐந்துரோடு ரேக்:
சொல்ல முடியாது ஐயா. எங்களுக்கு வந்ததெல்லாம் திறந்து கிடக்கும் டிஎன்எஸ் சர்வர்களின் பதில்கள். கேள்வி கேட்டவன் லாட்ஜின் ஐபியையே அனுப்புநராகப் போட்டிருப்பான், அதனால் அவன் இருந்த இடம் எங்கள் லாகில் இல்லை.