கிளைக்கனா, வெல்லக்கோவையா: ஒரு கலைச்சொல் விவாதம்

பண்டாரவளையிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியை:

அன்புடையீர்,

உயர்தர மாணவருக்கான தொற்றுநோய்க் கையேட்டின் மூன்றாம் இயலை எழுதிக்கொண்டிருக்கிறேன். கலங்களின் புரதங்களோடும் கொழுப்புகளோடும் பிணைந்தும், சில வேளைகளில் தனித்தும் காணப்படும் வெல்ல அலகுகளின் தொகுதியை ஆங்கில நூல்கள் கிளைக்கன் என்கின்றன. இதற்கு நம் கலைச்சொற்குழுவில் இதுவரை சீனிச்சங்கிலி, சர்க்கரைத்தொடர், இனியம், மேலுறை வெல்லம், வெல்லிணர் ஆகிய சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. கிளைக்கன் என்றே எழுதிவிடலாம் என்றும் சிலர் கூறினார்கள். எந்தச் சொல்லை எடுத்தாலும் அடுத்த பத்தியிலேயே ஒரு வாக்கியம் இடறுகிறது. பாடநூற்குழு ஒன்றும் நமக்கு முன்னால் இதைத் தீர்த்து வைத்ததாகத் தெரியவில்லை. இம்மாத முடிவுக்குள் ஒன்றை உறுதிசெய்து தந்தால் உதவியாக இருக்கும்.

கண்டியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

ஒரு சொல்லைத் தனியே நிறுத்தி வைத்து அழகு பார்ப்பதைவிட, அது சுமக்க வேண்டிய வாக்கியங்களில் அதை ஏற்றிப் பார்ப்பதே நல்லது. தங்கள் இயலில் வரக்கூடிய செய்திகளையே எடுத்துக்கொண்டு சோதித்தேன்.

முதலில் இன்புளுவென்சா. இந்த வைரசின் மேற்பரப்பிலுள்ள ஈமக்குளுற்றினின் என்ற புரதம், நமது சுவாசப்பாதைக் கலங்களில் வெல்லத் தொகுதியின் நுனியில் இருக்கும் சயாலிக் அமிலம் என்ற வெல்ல அலகைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. அந்த அமிலம் தனக்கு அடுத்த வெல்லத்தோடு 2,6 பிணைப்பால் சேர்ந்திருந்தால் மனிதரிடையே பரவும் வைரசுகள் அதை விரும்பிப் பற்றும்; 2,3 பிணைப்பால் சேர்ந்திருந்தால் பறவைகளின் வைரசுகள் பற்றும். வெல்லம் ஒன்றே, அது எந்தக் காபனில் கொளுவப்பட்டிருக்கிறது என்பதே கோழிக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள வேலிகளுள் ஒன்றாகிறது. கலத்துக்குள் பெருகிய புதிய வைரசுகள் வெளியேறும்போதும் இதே அமிலம் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால், நியூராமினிடேசு என்ற நொதியத்தால் வைரசு அதனைத் தறித்துவிட்டே விடுபடுகிறது. அந்த நொதியத்தின் குழியில் சயாலிக் அமிலத்தைப் போலவே போய் அமர்ந்து அடைத்துக்கொள்ளுமாறு வடிவமைக்கப்பட்டவைதான் சனாமிவிர், ஒசெல்ராமிவிர் ஆகிய மருந்துகள். இரண்டும் 1999இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றன. (ஒசெல்ராமிவிரைத் தயாரிக்கத் தேவையான சிக்கிமிக் அமிலம் நெடுங்காலம் பெரும்பாலும் அன்னாசிப்பூவிலிருந்தே எடுக்கப்பட்டது, பிரியாணிக்குப் போடுகிறோமே, அதே பூ.)

இந்தப் பத்தியில் ‘இனியம்’ என்ற சொல் நிற்கவில்லை. இங்கே இனிப்புக்கு எந்த வேலையும் இல்லை. அடையாளம் காட்டுவதும் பிடிகொடுப்பதுமே வேலை. ‘சர்க்கரை’, ‘சீனி’ இரண்டையும் நான் விலக்குவதற்கும் இதுவே காரணம். நம் தோட்டங்களில் சீனி என்றவுடன் ஒன்று தேநீர் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் சீனி வருத்தம் நினைவுக்கு வரும். வைரசு சீனியைப் பிடித்துக்கொள்கிறது என்று எழுதினால், சீனி குறைத்துச் சாப்பிட்டால் தடிமன் காய்ச்சல் வராதா என்று மாணவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பொறுப்பு அவரல்லர், நாம் தேர்ந்த சொல்லே. மாறாக, வெல்லம் என்ற சொல் நம் வீடுகளில் அருகிவிட்டது. சமையலறையில் சீனியும் சர்க்கரையும் கித்துள் கருப்பட்டியும் இருக்கின்றன. தாழ்த்தும் வெல்லம், பழவெல்லம் என்று பாடநூலில்தான் வெல்லம் வாழ்கிறது. வழக்கில் ஒதுங்கிய சொல் அறிவியலுக்கு வசதியானது.

அடுத்தது குருதியினம். 1901இல் லான்ட்சுரைனர் என்ற ஆய்வாளர் வகைப்படுத்திய இனங்களுக்கிடையிலுள்ள வேறுபாடு, செங்குழியத்தின் மேலுள்ள வெல்லத் தொகுதியின் நுனியில் வரும் ஒரே ஓர் அலகுதான். ஏ இனத்தில் அது அசற்றைல்கலக்டோசமீன், பீ இனத்தில் கலக்டோசு, ஓ இனத்தில் இரண்டுமில்லை. கடும் மலேரியாவில் தொற்றுற்ற செங்குழியங்கள் தொற்றாதவற்றைத் தம்மைச் சுற்றி ஒட்டவைத்துக்கொள்வது ஓ இனத்தாரிடம் குறைவாக இருப்பதும், அவர்களுக்கு நோய் கடுமையாவது அரிதாக இருப்பதும் இதனோடு தொடர்புடையவை. இலங்கை மலேரியா அற்ற நாடு என 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார அமைப்பு சான்றளித்துவிட்டாலும், இந்த எடுத்துக்காட்டை இயலிலிருந்து நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘சங்கிலி’ இங்கேதான் தடுமாறுகிறது. சங்கிலியில் எல்லாக் கண்ணியும் ஒன்றே. இங்கோ ஒவ்வோர் அலகும் வேறு, அதன் இடமும் பிணைப்பும் வேறு, நடுவில் கிளைகளும் பிரியலாம்.

‘மேலுறை வெல்லம்’ ஏன் ஆகாது என்பதற்குக் காசநோய் போதும். காசநோய்ப் பற்றீரியாவின் கலச்சுவருக்குள் அரபினோசு, கலக்டோசு ஆகியவற்றாலான ஒரு பெருந்தொகுதி இருக்கிறது. அதன் வெளிப்புறத்தில் மைக்கோலிக் அமிலங்கள் மெழுகுபோல் படிந்திருக்கின்றன. அரபினோசு அலகுகளை ஒன்றோடொன்று இணைக்கும் நொதியங்களைத் தடுப்பதுதான் எதம்பியூட்டோலின் வேலை. மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் முதல் இரண்டு மாதமும் தரப்படும் நான்கு மருந்துகளுள் ஒன்றான அந்தக் குளிசை, ஆக, உறையின் மேலுள்ள ஒன்றைத் தாக்கவில்லை. சுவருக்குள்ளே கட்டுமானம் நடப்பதை நிறுத்துகிறது. தாய்ப்பாலில் எதனோடும் ஒட்டாமல் மிதக்கும் சிறு வெல்லத் தொகுதிகளையும் நினைவிற்கொண்டால், இருப்பிடத்தை வைத்துப் பெயரிடும் வழி அடைபட்டுவிடுகிறது.

‘வெல்லிணர்’ எனக்குப் பிடித்த சொல். பூங்கொத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லை இப்படி மீட்டெடுத்தவருக்கு என் வணக்கம். ஆனால் இணர் என்பதை மாணவருக்கு விளக்க ஒரு பத்தி வேண்டும், பிறகு கிளைக்கனை விளக்க இன்னொரு பத்தி வேண்டும்.

என் முன்மொழிவு வெல்லக்கோவை. கோவை என்றால் ஒழுங்குபடக் கோத்தது. அலகுகள் வெவ்வேறாக இருக்கலாம், வரிசை பொருள் தரும், நேராக இருந்தாலும் கிளைத்திருந்தாலும் அது கோவையே. முக்கியமான வசதி, இதற்கு வினை உண்டு என்பதாகும். நமக்கு வேண்டியது ஒற்றைப் பெயர்ச்சொல் அன்று, ஒரு குடும்பம். டெங்கு வைரசின் புரதங்கள் கலத்துக்குள் உருவாகும்போது அவற்றின்மேல் வெல்ல அலகுகள் ஏற்றப்படுகின்றன. பிறகு குளுக்கோசிடேசு நொதியங்கள் அந்த வெல்லத் தொகுதியின் நுனிக் குளுக்கோசுகளை ஒவ்வொன்றாகத் தறித்த பின்னரே புரதம் சரியாக மடிகிறது. அந்தத் தறிப்பை நிறுத்தினால் வைரசு முடங்கும் என்ற எண்ணத்தில் செல்கோசிவிர் என்ற மருந்தைச் சிங்கப்பூரில் நோயாளரிடம் சோதித்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி வைரசின் அளவும் காய்ச்சலும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எண்ணம் சரியாக இருந்தும் குளிசை கைகொடுக்காத இத்தகைய கதைகளையும் மாணவருக்குச் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. சொல்லுக்கு வருவோமானால், வெல்லங்கோத்தல், வெல்லங்கோத்த புரதம், கோவை தறித்தல், கோவையின் நுனி என்று இந்தப் பத்தி முழுவதையும் தடையின்றி எழுதிவிடலாம். ‘கிளைக்கன்’ என்ற ஒலிபெயர்ப்பிலிருந்து இப்படி ஒரு வினையைப் பெற இயலாது.

ஹட்டனிலிருந்து ஒரு வைத்திய அதிகாரி:

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் சோதனைமுறை எனக்கு உடன்பாடே. முடிவு முழுவதும் உடன்பாடன்று. மாணவர் ஏற்கெனவே கிளைக்கோபுரதம், கிளைக்கோசன் என்று படித்திருக்கிறார்கள். அந்த முன்னொட்டை அறிந்தவருக்குக் கிளைக்கன் ஒரு படி தூரத்தில்தான் இருக்கிறது. அதோடு கிளைத்துக் கிடக்கும் பொருளுக்குக் ‘கிளை’ என்றே தொடங்கும் சொல் அமைந்தது அதிட்டம் அல்லவா? இவர்கள் நாளை பல்கலைக்கழகம் போய் ஆங்கிலத்தில் படிக்கவேண்டியவர்கள். இரண்டு மொழிக்கும் நடுவில் பாலத்தை நாமே உடைக்கக்கூடாது.

இன்னொரு கவலையும் உண்டு. குழந்தைகளுக்கு இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் போடும் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி பற்றிப் பெற்றோருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறோம். 2008இல் அது இங்கே வந்தபோது சேர்ந்த ஹிப் பகுதி, ஹிப் என்ற பற்றீரியாவின் பல்சக்கரைட்டு உறையை, அதாவது பல வெல்ல அலகுகளாலான உறையைப், புரதத்தோடு இணைத்துச் செய்தது. உறையை மட்டும் கொடுத்தால் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடல் போதிய பிறபொருளெதிரிகளை ஆக்காது. புரதத்தைத் துணைக்குச் சேர்த்தால் ஆக்கும். இவ்வழியை ஏவரி, கோபல் என்ற ஆய்வாளர்கள் 1929இலேயே முயல்களில் காட்டியிருந்தார்கள். இதை லயத்திலிருக்கும் ஒரு தாய்க்கு வெல்லக்கோவை என்று எழுதினால், ஊசியில் கோவைக்காய்ச் சாறு இருக்கிறதா என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கமாட்டாரா?

கண்டியிலிருந்து மொழிபெயர்ப்பாளரின் மறுமொழி:

வைத்தியர் அவர்களுக்கு,

துண்டுப்பிரசுரத்தில் வெல்லக்கோவையும் வேண்டாம், கிளைக்கனும் வேண்டாம். ‘கிருமியின் மேலுறையிலிருந்து எடுத்த ஒரு பகுதி’ என்பது தாய்க்கு வேண்டிய அளவு உண்மை. கலைச்சொல் அதைப் பயன்படுத்தித் தொடர்ந்து சிந்திக்கப் போகிறவருக்கானது. ஒரு முறை வாசித்து ஒரு முடிவெடுக்க வேண்டியவர்மேல் அதைச் சுமத்தக்கூடாது.

கிளைக்கோபுரதத்தைக் கைவிடுமாறு நான் கேட்கவில்லை. பரீட்சையில் அது வருகிறது, அப்படியே இருக்கட்டும். வெல்லக்கோவை முதன்முறை வரும் இடத்தில் ‘கிளைக்கன் என்றும் வழங்கும்’ என ஒரு தொடர் சேர்த்துவிட்டால் தாங்கள் சொல்லும் பாலமும் நிற்கும். ஆனால் ‘கிளை’ என்ற ஒலி ஒற்றுமையை அதிட்டம் என்று கொள்ள என்னால் முடியவில்லை. அந்த வேர் கிரேக்கத்தில் இனிப்பைக் குறிப்பது. கிளையே இல்லாத எப்பரினும் ஐயலூரோனிக் அமிலமும் இதே வகுப்பில் இருக்கின்றன. எப்பரினோ நாள்தோறும் வைத்தியசாலையில் குருதி உறையாமலிருக்கக் கொடுக்கப்படும் மருந்து. சொல்லை நம்பிய மாணவர் அதைக் கிளைகளோடு வரைந்து புள்ளி இழப்பார்.

ஆகவே ஆசிரியை அவர்கள் இயலில் இவ்வாறு எழுதலாம்: ‘வெல்ல அலகுகள் குறித்த பிணைப்புகளால் கோக்கப்பட்ட தொகுதி வெல்லக்கோவை எனப்படும், இது கிளைக்கன் என்றும் வழங்கும். இது நேராகவோ கிளைத்தோ, புரதத்தோடும் கொழுப்போடும் இணைந்தோ தனித்தோ இருக்கலாம்.’ வேறு மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் இதனைச் சேர்த்துவிடுகிறேன்.

மீதமிருப்பது லெக்ரின். வெல்லக்கோவையைப் பற்றும் புரதங்களுக்கான அந்தச் சொல்லுக்கு ‘வெல்லம்பற்றி’ என்பது என் தற்போதைய விருப்பம். சிறுநீர்ப்பாதைத் தொற்றை உண்டாக்கும் ஈ. கோலை பற்றீரியா தன் நுண்ணிழையின் நுனிப் புரதத்தால் சிறுநீர்ப்பையின் மனோசு வெல்லத்தைப் பற்றுகிறது. அந்தப் பிடியைத் தடுக்கும் மருந்துகளும் ஆராயப்படுகின்றன. அந்த நுனிப் புரதத்தையும் வெல்லம்பற்றி என்றே அழைப்பதா, ஒட்டுப்புரதம் என்று பிரிப்பதா என்பதை வைத்தியர் அவர்களே முதலில் சொன்னால் நல்லது.