மறு: ஃப்ளோட் சார்ஜுக்கு ‘மிதவை மின்னேற்றம்’ சரிதானா?

குழுவினருக்கு வணக்கம்.

கேரவன் பவர் கன்வெர்ட்டர் கையேட்டுக்குச் சொற்கள் வேண்டும். பேட்டரி மின்னேற்றத்தின் மூன்று நிலைகளான பல்க், அப்சார்ப்ஷன், ஃப்ளோட் ஆகியவற்றுக்கு முறையே மொத்த மின்னேற்றம், உறிஞ்சு மின்னேற்றம், மிதவை மின்னேற்றம் என்று போட்டிருக்கிறேன். கன்வெர்ட்டருக்கு ‘மின்மாற்றி’. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

– வளசரவாக்கத்திலிருந்து

* * *

ஐயா, வணக்கம்.

‘மின்மாற்றி’யை எடுத்துவிடுங்கள். அது டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய் வெகுகாலமாகிறது. இந்தப் பெட்டி 230 வோல்ட் மாறுமின்னை வாங்கி 12 வோல்ட் நேர்மின்னாகத் தருகிறது; ‘நேர்மின்னாக்கி’ போதும்.

மற்ற மூன்றுக்கும் பெயர் வைக்குமுன் பெட்டி செய்வதைப் பாருங்கள். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி பாதி காலியாக இருக்கிறது. முதலில் (பல்க்) 15 முதல் 20 ஆம்பியர் வரை தள்ளுகிறது. மின்னோட்டம் நிலையாக நிற்க, மின்னழுத்தம் ஏறுகிறது. 14.4 வோல்ட், அதாவது உள்ளிருக்கும் ஆறு கலங்களில் ஒவ்வொன்றுக்கும் 2.4 வோல்ட் வந்ததும் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் போகப் போக மின்சாரம் தட்டுக்குப் போகாமல் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதில் அதிகமாகச் செலவாகும். 14.4-இல் நிற்கும்போது (அப்சார்ப்ஷன்) மின்னோட்டம் தானாகக் குறையும். சுமார் 3 ஆம்பியருக்கு இறங்கியதும் பெட்டி மின்னழுத்தத்தை 13.6-க்குத் தாழ்த்தி (ஃப்ளோட்), பேட்டரி தானாக இழப்பதை மட்டும் ஈடுகட்டுகிறது.

‘ஃபுல் ஆனதும் கட் ஆயிடும்’ என்று கடையில் சொல்வார்கள். கட் ஆவதில்லை, தாழ்கிறது. மூன்றாவது சொல் இதைக் காட்டியாக வேண்டும். ‘மிதவை’ எதையும் காட்டவில்லை. ‘காப்பு’ என்றால் மின்காப்போடு (இன்சுலேஷன்) குழம்பும். என் பரிந்துரை: பேரேற்றம், தணிவேற்றம், பேணேற்றம். இரண்டாவதுக்கு ‘நிறைவேற்றம்’ என்று ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் தீர்மானம் நிறைவேற்றியது போல ஆகிவிடும்!

– அம்பத்தூரிலிருந்து

* * *

பேணேற்றம் நன்று. தணிவேற்றத்தில்தான் தயக்கம்: தணிவதா, ஏறுவதா? வாசகர் மின்னழுத்தம் தணிகிறது என்று நினைப்பார். தவிர, வண்டிக்குள் ஃபிரிட்ஜும் விளக்கும் ஓடினால் மின்னோட்டம் தணியவே தணியாதே.

– மயிலாப்பூரிலிருந்து

* * *

அம்மா, இரண்டாவது கேள்வி சரியான இடத்தில் பிடிக்கிறது. சுமை 6 ஆம்பியர், பேட்டரி 2 ஆம்பியர் என்றால் பெட்டி காண்பது 8. பேட்டரி நிறையவில்லை என்றெண்ணி 14.4-இலேயே நிற்கும், தண்ணீர் குறையும், நேர்த்தட்டின் கம்பிவலை அரிக்கும். அதனால்தான் பல பெட்டிகளில் நேர வரம்பும் உண்டு. பேட்டரிக் கம்பியில் தனியே ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடை) வைத்து அளந்தால் குழப்பமே இல்லை.

பெயரைப் பொறுத்தவரை, தணிவது மின்னோட்டம் என்பதை வரையறையின் முதல் வரியில் எழுதிவிடலாம். ‘நிலையழுத்த ஏற்றம்’ என்றால் பேணேற்றத்துக்கும் பொருந்திவிடும், அதிலும் அழுத்தம் நிலையானதுதானே. ‘உறிஞ்சு’ வேண்டாம் என்பதில் நான் பிடிவாதம்.

‘மிகையேற்றம்’ (ஓவர்சார்ஜ்) என்ற பதிவில் இரண்டு காரணங்களையாவது சேருங்கள். ஒன்று, வெப்பம். மேற்சொன்ன எண்கள் 25 பாகை செல்சியஸுக்கானவை. ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறத்தாழ 24 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். மே மாதச் சென்னையில் பேட்டரிப் பெட்டிக்குள் 40 பாகை என்றால் 14.4 என்பது 14.04 ஆகவும், 13.6 என்பது 13.24 ஆகவும் இறங்க வேண்டும். வெப்ப உணரியைச் சுவரில் ஒட்டாமல் பேட்டரி முனையில் பொருத்த வேண்டும். இரண்டு, உள்ளே ஷார்ட் ஆகிச் செத்த கலம். ஆறில் ஒன்று போனால் அதே 13.6 வோல்ட் ஐந்து கலங்களுக்குப் பங்காகி, ஒவ்வொன்றுக்கும் 2.72 வருகிறது. பேணேற்றத்திலேயே கொதிக்கும், சார்ஜர் நல்லதாக இருந்தும்.

– அம்பத்தூரிலிருந்து

* * *

மூன்றையும் ஏற்கிறேன். ஈக்வலைசேஷனுக்கு (கலங்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே கூடுதல் அழுத்தத்தில் ஏற்றுவது) ‘சமனேற்றம்’ சேர்த்து, சீல் செய்த பேட்டரிக்கும் லித்தியத்துக்கும் கூடாது என்று குறித்துவிடுகிறேன். பழைய ஒரேநிலைப் பெட்டிகள் எப்போதும் 13.6 அளவிலேயே இருப்பவை. அவற்றுக்கு ‘பேணேற்றம் மட்டும்’ என்று போட்டால் போதுமா?

– வளசரவாக்கத்திலிருந்து

* * *

போதும். பேட்டரி நிரம்ப அதிக நேரம் எடுக்கும், மாதாமாதம் காய்ச்சிவடித்த நீர் மட்டம் பார்க்கவேண்டும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

– அம்பத்தூரிலிருந்து