கிணத்துக்குள்ள சிவப்புக் கயிறு கருப்பாத் தெரியுது, ஏன்?

அணைக்கட்டுக்காரன்:
எங்க கிணறு 60 அடி. தண்ணி இப்போ 25 அடி நிக்குது. போன வாரம் மோட்டாரை மேல எடுக்கும்போது பைப் ஜாயின்ட் விட்டு, சப்மெர்சிபிள் ஒயரோட உள்ள போயிடுச்சு. தேடத் தோதா இருக்கும்னு நைனா அதுல பளிச்சுனு சிவப்பு நைலான் கயிறு கட்டி வெச்சிருந்தாரு. (அவரு எதைக் கட்டினாலும் சிவப்புதான்.) சின்ன வயசுலேர்ந்து குதிச்ச கிணறுதானேன்னு மூச்சடக்கி இறங்கினேன். அடியில சிவப்பே இல்ல! ஒயர்ல சுத்தின மஞ்சள் டேப் மங்கலாத் தெரிஞ்சது. பக்கத்துல கருப்பா ஏதோ சுருண்டு கெடந்தது, தண்ணிப்பாம்புன்னு பயந்து மேல வந்துட்டேன். மறுபடி நெத்தியில டார்ச் கட்டிக்கினு போனா, கண்ணு முன்னாடி பால் ஊத்தின மாதிரி வெள்ளை. சாயம் போச்சா, என் கண்ணு போச்சா?

காட்பாடி டைவர்:
ரெண்டும் போகலண்ணே, அந்தப் பாம்புதான் உங்க கயிறு. தண்ணி முதல்ல முழுங்கறது சிவப்பு வெளிச்சத்தைத்தான். கடல்ல அஞ்சு பத்து மீட்டர்லயே சிவப்பு மங்கிடும். இன்னும் ஆழத்துல கை கிழிஞ்சா ரத்தமே பச்சையாத் தெரியும். தெளிஞ்ச கடல்ல நீலம்தான் கடைசி வரைக்கும் போகும். 1000 மீட்டருக்குக் கீழ அதுவும் கிடையாது. உங்க கிணத்துல பாசி இருக்கும், அது நீலத்தையும் தின்னுடும். மிஞ்சறது பச்சையும் மஞ்சளும். அதான் டேப் தெரிஞ்சது.

டார்ச்சை நெத்தியில கட்டாதீங்க. நீங்க கலக்கிவிட்ட வண்டல்ல பட்டு வெளிச்சம் நேரா உங்க கண்ணுக்கே திரும்பும். கையை நீட்டிப் பக்கவாட்டுல பிடிச்சு, பொருள்கிட்ட கொண்டுபோங்க. சிவப்பு திரும்ப வந்துடும். முதல்ல ஃபியூஸைப் பிடுங்குங்க!

குடியாத்தம் அக்கா:
எதுக்குத் தம்பி தனியா இறங்கறே? சித்திரை பத்து தேதி வாக்குல நம்ம பக்கம் சூரியன் உச்சந்தலைக்கு நேரா வரும், உச்சி வெயில் கிணத்து அடி வரைக்கும் இறங்கும். இது தை மாசம், வெயில் சுவரோடயே நின்னுடும். ஒரு நாள் கலக்காம விட்டுட்டு, கண்ணாடி வெச்சு வெயிலை உள்ள திருப்பு. பாதாளக்கரண்டி (கயித்துல கட்டி இறக்கற கொக்கிக் கொத்து) போடு.

அணைக்கட்டுக்காரன்:
பீரோ கண்ணாடியைக் கழட்டி (வீட்டுல வாங்கின திட்டு தனிக்கதை) பதினொரு மணிக்குத் திருப்பினேன். மஞ்சள் டேப் தெரிஞ்சது, அதுக்குப் பக்கத்துல கரண்டியை விட்டேன். நாலாவது தடவை கயிறு மாட்டிச்சு. ரெண்டு பேர் இழுத்தோம். தண்ணிக்கு மேல வந்ததும் அதே ரத்தச் சிவப்பு. ஒரு பித்தளைச் சொம்பும் சேர்ந்து வந்தது. அம்மா இருவது வருஷமா பக்கத்து வீட்டு மேல சந்தேகப்பட்ட சொம்பு.