புல்லட் 350: எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டதிலிருந்து கிக்கர் ரிட்டன் அடிக்கிறது, டைமிங் எப்படி வைப்பது?

ராசிபுரம்_ரைடர்:
வணக்கம். அப்பா வாங்கிய 1986 புல்லட் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின். 12 வோல்ட்டுக்கு எப்போதோ மாற்றியாயிற்று. வருஷத்துக்கு இரண்டு தடவை பாயிண்ட் (திறக்கும்போது காயிலின் கரண்டை வெட்டித் தீப்பொறி விழவைக்கும் தொடுமுனை) கருகுவதும் கண்டென்சர் போவதும் அலுத்துப்போய், போன மாதம் எலெக்ட்ரானிக் கிட் ஒன்று வாங்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் போடச் சொன்னேன். அவர் பழைய ஆள், "புக்கில் இருக்கிற மாதிரியே டாப்புக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) 0.8 மில்லிமீட்டர் முன்னால் வைத்துவிட்டேன், இனி பத்து வருஷத்துக்குத் தொட வேண்டாம்" என்றார்.

தொடாமல் இருக்க முடியவில்லை. காலையில் உதைத்தால் நான்கில் ஒரு தடவை கிக்கர் காலைத் திருப்பித் தள்ளி ரிட்டன் அடிக்கிறது, கெண்டைக்கால் நீலம் பாரித்துப் போயிருக்கிறது. ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஐட்லிங் ஒரே சீராக நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினேன், 70 ஊசி வளைவில் இருபதுகூடத் தாண்டவில்லை, டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல இன்ஜினுக்குள் சத்தம். பயந்து திரும்பிவிட்டேன். இன்னொன்று, முன்பெல்லாம் உதைப்பதற்கு முன் ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துத்தான் டாப்பைக் கண்டுபிடிப்பேன். இப்போது முள் அசைவதே இல்லை. கிட் கெட்டுவிட்டதா, தீப்பொறி விழும் நேரம், அதாவது டைமிங்தான் தப்பா?

பாயிண்ட்தாசன்:
நான் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். திருவொற்றியூர் ஃபாக்டரியில் பாயிண்ட் வைத்துத்தான் அனுப்பினார்கள், அந்த வண்டிகள் லடாக் வரை போய் வந்தன. 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் கேப், ஒரு துளி கிரீஸ், பாயிண்டுக்கு நடுவே ஒரு சிகரெட் தாள். தாள் நழுவும் இடத்தில் பாயிண்ட் திறக்கிறது, அவ்வளவுதான் டைமிங். கழற்றிப் பழையதையே போடுங்கள்.

காஸ்ட்அயர்ன்காரன்:
தம்பி, பாயிண்ட்தாசன் சொல்வதில் பாதி சரி. பாயிண்ட் கெட்ட சாமான் இல்லை. ஆனால் உங்கள் சிக்கல் எலெக்ட்ரானிக்கால் வந்ததும் இல்லை, பாயிண்டுக்கு உரிய அளவை எலெக்ட்ரானிக்குக்கு வைத்ததால் வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். பாயிண்ட் உட்காரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அடித்தட்டைத் தூக்கினால் இரண்டு சின்ன வெயிட்டும் இரண்டு ஸ்பிரிங்கும் இருக்கும், அதுதான் மெக்கானிக்கல் அட்வான்ஸ். இன்ஜின் வேகம் ஏற ஏற வெயிட் வெளியே விரிந்து, பாயிண்டைத் திறக்கும் கேமை முன்னால் திருப்பும், தீப்பொறி சீக்கிரம் விழும். புக்கில் இருக்கும் 0.8 மில்லிமீட்டர் என்பது இந்த வெயிட் முழுக்க உள்ளே மடங்கி இருக்கும்போது உள்ள அளவு. 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்குக்கு (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கணக்குப் போட்டால் டாப்புக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி முன்னால். மீதி அட்வான்ஸை வெயிட் பார்த்துக்கொள்ளும்.

கடையில் இரண்டு வகை கிட் கிடைக்கிறது. ஒன்று பாயிண்டுக்குப் பதிலாக ஒரு சென்சர் மட்டும், வெயிட் அப்படியே இருக்க வேண்டும், 10 டிகிரி வைத்தால் போதும். இன்னொன்று அட்வான்ஸையும் கிட்டின் எலெக்ட்ரானிக் பெட்டியே போடும். அதில் வெயிட்டை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அசையாமல் பூட்ட வேண்டும். இந்த இரண்டாவது வகையை வாங்கி வெயிட்டையும் விட்டுவைத்தால் பெட்டி ஒரு பங்கு முன்னால் தள்ளும், வெயிட் இன்னொரு பங்கு தள்ளும். மேட்டில் கூழாங்கல் சத்தம் வராமல் என்ன செய்யும்? நாற்பது வருஷத்து ஸ்பிரிங் தளர்ந்து, வெயிட் பாதி விரிந்தபடியே நிற்கிறது என்றால் உதைக்கும்போதே அட்வான்ஸ் இருக்கும், ரிட்டன் அடிப்பதும் அதனால்தான். பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குள் தீ பிடித்துத் திருப்பித் தள்ளிவிடுகிறது.

கிட்டோடு வந்த பேப்பரை எடுத்துப் படியுங்கள். ஃபுல் அட்வான்ஸ் இத்தனை டிகிரி என்று ஓர் எண் இருந்தால் அது இரண்டாவது வகை.

ராசிபுரம்_ரைடர்:
அண்ணா, பேப்பரில் ஃபுல் அட்வான்ஸ் 32 டிகிரி, டைமிங் லைட் வைத்துப் பார்க்கவும் என்று இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தேன், வெயிட் இரண்டும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கின்றன! விரலால் விரித்துவிட்டால் ஒன்று திரும்பி மடங்கவே இல்லை. தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் அந்த லைட்டைக் கடன் வாங்கிவிடலாம். ஆனால் புல்லட்டில் டிகிரி மார்க் எங்கே இருக்கிறது?

காஸ்ட்அயர்ன்காரன்:
இருக்காது, நாம்தான் போட வேண்டும். இடது பக்கச் செயின் கேஸ் மூடியைக் கழற்றினால் கிராங்க் நுனியில் ஆல்டர்னேட்டர் ரோட்டர் தெரியும். மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட், அதற்கு ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்ற வேண்டும். ஆயில் கொட்டும், கீழே தட்டு வையுங்கள்.

அடுத்தது டாப்பைச் சரியாகப் பிடிப்பது. சைக்கிள் கம்பியை பிளக் ஓட்டையில் விட்டுப் பார்க்கும் வழி எல்லோருக்கும் தெரியும். அதை நம்பாதீர்கள், புல்லட்டில் பிளக் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, கம்பியும் சாய்ந்தே போகும், அளவு தப்பும். போதாததற்குப் பிஸ்டன் உச்சியில் சில டிகிரிக்கு ஏறக்குறைய அசையாமலே நிற்கும், எது நடு என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் முனை மழுங்கிய போல்ட் ஒன்றை இறுக்கி, பிளக் இடத்தில் மாட்டுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தை மெதுவாக முன்னால் உருட்டுங்கள். பிஸ்டன் போல்ட்டில் முட்டி நிற்கும், நிலையாக ஒரு கம்பியைப் பாயிண்டர் மாதிரி வளைத்து வைத்து அதற்கு நேராக ரோட்டரில் கோடு போடுங்கள். பின்னால் உருட்டினால் மறுபக்கம் வந்து முட்டும், அங்கேயும் ஒரு கோடு. இரண்டுக்கும் நடு டாப். முட்டும்போது பலம் காட்ட வேண்டாம்.

32 டிகிரிக்கு டிகிரி தட்டு இல்லையென்றால் ரோட்டரைச் சுற்றி நூல் கட்டிச் சுற்றளவை அளந்து, 45ஆல் வகுத்து 4ஆல் பெருக்குங்கள். 220 மில்லிமீட்டர் வந்தால் பத்தொன்பதரை. டாப் கோடு பாயிண்டருக்கு நேராக நிற்கும்போது, ரோட்டர் சுற்றும் திசையில் பாயிண்டரை ஏற்கெனவே கடந்துபோன பக்கத்தில் அந்த அளவு தள்ளி ஒயிட்னரால் கோடு. இதை மாற்றிப் போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க லைட்டைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

வெயிட்டைப் பூட்டிவிட்டு, பெட்டிக்கு உரிய காந்தத்தைப் பேப்பரில் உள்ள நிலையில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சாயங்காலம் இருட்டியபின் செய்தால் கோடு நன்றாகத் தெரியும். புல்லட்டில் ஆர்பிஎம் மீட்டர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க வெள்ளைக் கோடு நகர்ந்துகொண்டே போகும், ஓர் இடத்துக்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் நகராது. அதுதான் ஃபுல் அட்வான்ஸ். அங்கே கோடு பாயிண்டரில் நிற்கும்படி டிஸ்ட்ரிபியூட்டர் பாடியைத் திருப்புங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஷாஃப்ட் சுற்றும் திசையிலேயே பாடியைத் திருப்பினால் லேட், எதிர்த்திசையில் திருப்பினால் அட்வான்ஸ். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் பாடியில் ஒரு டிகிரி கிராங்கில் இரண்டு டிகிரி, சுத்தியல் பிடியால் லேசாகத் தட்டுவதே அதிகம். செயின் திறந்து ஓடுகிறது, லுங்கியோடு பக்கத்தில் போகாதீர்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட்டவும் வேண்டாம்.

ஒயர்மேன்:
அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம். பிளக்கைக் கழற்றிவிட்டு ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டபடி இக்னிஷன் ஆனில் உதைக்காதீர்கள், பாயிண்ட் தாங்கும், பெட்டி தாங்காது. பிளக்கை மாட்டி ஹெட்டில் சாய்த்து எர்த் கொடுத்துவிட்டுத்தான் உதைக்க வேண்டும். இரண்டாவது பேட்டரி. பழைய வகைப் பெட்டிகள் சில, வோல்ட் இறங்கினால் நேரம் தப்பித் தீப்பொறி விடும், அதுவும் ரிட்டன் அடிக்கும். உதைக்கும்போது மீட்டரை வைத்துப் பாருங்கள். டைமிங் லைட்டுக்கும் வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் எடுங்கள்.

ஆம்பியர் முள் அசையாதது கோளாறு இல்லை. பாயிண்ட் மூடியிருந்தால் காயிலில் கரண்ட் ஓடும், திறந்தால் நிற்கும், முள் அதைத்தான் காட்டியது. பல எலெக்ட்ரானிக் பெட்டிகள் இன்ஜின் சுற்றாதவரை காயிலுக்குக் கரண்டே விடுவதில்லை. இனி காலால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கிக்கர் இறுகும் இடம் வரை அழுத்தி, சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து முழு உதை.

ராசிபுரம்_ரைடர்:
நேற்று ராத்திரி செய்து பார்த்தோம். வெயிட்டோடு முதலில் ஒரு தடவை லைட் அடித்தபோது கோடு 32ஐத் தாண்டி எங்கேயோ போய் நின்றது, நூல் வைத்து அளந்தால் 48. பிஸ்டனில் ஓட்டை விழாதது அப்பாவின் புண்ணியம். வெயிட்டை அசையாமல் பூட்டி 32இல் வைத்தபின் இருபது தடவை உதைத்தேன், ஒன்றுகூட ரிட்டன் இல்லை. இன்று காலை கொல்லிமலை மேலே செம்மேடு வரை ஏறி இறங்கியாயிற்று, சத்தம் இல்லை, இழுவை முன்பைவிட நன்றாக இருக்கிறது. பாயிண்டும் கண்டென்சரும் பொட்டலம் கட்டி டூல் பாக்ஸில்தான் இருக்கின்றன, பாயிண்ட்தாசன் சார் கவலைப்பட வேண்டாம்.

ஒரே ஒரு குறை, மாட்டிய பிறகு செயின் கேஸ் மூடியில் ஆயில் கசிகிறது. நட்டை இன்னும் இறுக்கலாமா?

பாயிண்ட்தாசன்:
இறுக்காதீர்கள், மூடி வளைந்துவிடும். ரப்பர் சீல் புதிதாக வாங்கி, பள்ளத்தைத் துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். லெவல் ஸ்குரூவைத் திறந்து ஆயில் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதிகம் ஊற்றியிருப்பீர்கள்.