ஜோ பேரோவா, ஜோ பிரேடியா? எல்எஸ்யூ 2019-ஐ மாற்றியது யார்?

டெத்வேலி தமிழன்:
நேற்று வேறொரு இழையில் ஒரு நண்பர், "அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் புது ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (பந்து கையில் இருக்கும்போது அணி எப்படி ஆட வேண்டும் என்று வகுக்கும் கோச்) வந்தால் எல்லாம் மாறிவிடும் என்பது ரசிகர்களின் நப்பாசை, ஜெயிக்க வைப்பது ஆட்டக்காரன்தான்" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் போட்டால் பேச்சு திசைமாறிவிடும் என்று இங்கே தனி இழை தொடங்குகிறேன்.

2018-இல் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி) ஓர் ஆட்டத்துக்கு எடுத்தது சராசரியாக 32.4 புள்ளி. 2019-இல் 48.4. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், இரண்டு வருடமும் அதே ஜோ பேரோ. எதிரணியின் கோட்டுக்குள் பந்தைச் சேர்க்கிற டச்டவுன் பாஸ் முதல் வருடம் 16, அடுத்த வருடம் 60. அவர் எறிந்த பந்துகளில் சரியாகப் போய்ச் சேர்ந்தவை 57.8 சதவீதத்திலிருந்து 76.3-க்கு ஏறின. நடுவில் நடந்தது என்ன? நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் உதவியாளராக இருந்த 29 வயது ஜோ பிரேடியைத் தலைமைக் கோச் எட் ஆர்ஜரான் கூட்டிக்கொண்டு வந்தார்.

2019 ஆகஸ்ட் 31, ஜார்ஜியா சதர்ன் ஆட்டத்தில் நான் டைகர் ஸ்டேடியத்தில் இருந்தேன். அதற்கு முன் நான் பார்த்துப் பழகிய எல்எஸ்யூ, வழி திறக்கும் ஃபுல்பேக்கை முன்னால் விட்டு இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிற அணி. அன்று பார்த்தால் பேரோவுக்குப் பக்கத்தில் ஆளே இல்லை. ஐந்து பேர் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பரவி நிற்கிறார்கள். இடைவேளைக்குள் ஐந்து டச்டவுன் பாஸ். ஆட்டம் 55-3. என் பக்கத்தில் இருந்த பெரியவர் பல வருடமாக சீசன் டிக்கெட் வாங்குகிறவர். முதல் கால்பகுதி முழுக்க உட்காரவே இல்லை.

மூணாவது டவுன்:
அந்த நண்பர் நான்தான் அண்ணே. சொன்னதில் மாற்றமில்லை.

முதலில் ஒரு திருத்தம். 2019-இல் எல்எஸ்யூவின் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர். முந்தைய வருடமும் அவரே. பிரேடிக்குக் கொடுத்த பதவி பாஸிங் கேம் கோஆர்டினேட்டர், பாஸ் ஆட்டத்தைப் பார்க்கிறவர். அதாவது நீங்கள் காட்டும் உதாரணத்தில் கோஆர்டினேட்டர் மாறவே இல்லை.

அடுத்து, 2019 ஜனவரி 1, யூசிஎஃப் (சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம்) அணியோடு ஃபியஸ்டா போல் என்ற சீசன் முடிவு ஆட்டம். பிரேடி வருவதற்கு முந்தைய ஆட்டம் அது. ஆரம்பத்திலேயே பேரோவின் பாஸை யூசிஎஃப் பறித்து டச்டவுன் வரை ஓடியது. அந்த ஓட்டத்திலேயே பேரோவை ஒருவர் பலமாக இடித்துக் கீழே தள்ளினார். எழுந்து வந்து அதே ஆட்டத்தில் 394 யார்டு, நான்கு டச்டவுன். 40-32 ஜெயம். ஒஹையோ ஸ்டேட்டிலிருந்து வந்த பையனுக்கு முதல் வருடம் பழகவே சரியாகப் போயிற்று. இரண்டாம் வருடம் வெடித்தான்.

பாஸ் பிடிக்கும் ரிசீவர்களும் வளர்ந்தார்கள். ஜமார் சேஸ் 2018-இல் முதல் வருட மாணவன், 23 பாஸ் பிடித்தான். அடுத்த வருடம் 84. அந்த வயதில் ஒரு வருடம் என்பது சின்ன விஷயமில்லை.

ஓ-லைன் ராசா:
இரண்டு பேரும் எண்ணையே அடுக்குகிறீர்கள். களத்தில் என்ன மாறியது என்று கொஞ்சம் பார்ப்போம்.

பழைய முறையில் குவார்ட்டர்பேக்கைக் காக்க லைன்மேன் ஐந்து பேரோடு இன்னும் ஒருவரையோ இருவரையோ பின்னால் நிறுத்திவைப்பார்கள். பாஸ் பிடிக்க ஓடுவது மூன்று நான்கு பேர்தான். பிரேடி கொண்டுவந்த முறையில் பெரும்பாலும் ஐந்து பேரும் ஓடிவிடுவார்கள். காவலுக்கு லைன்மேன் ஐந்து பேர் மட்டும். எதிரணி ஆறாவது ஆளை அனுப்பினால் அவனைத் தடுக்க யாரும் கிடையாது, அவன் வந்து சேர்வதற்குள் பந்து பேரோவின் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அப்படி ஒருவன் கூடுதலாக வந்தால் பின்னால் ஓர் இடம் காலியாகத்தானே இருக்கும்? அந்த இடம் எது என்று பேரோவுக்குப் பந்து வருவதற்கு முன்பே தெரியும்.

இதில் நான் ரசித்தது, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர். 2018-இல் அவர் பிடித்தது 11 பாஸ். 2019-இல் 55. அவரும் ஒரு வருடம் வளர்ந்தார், சரி. அதற்காக 11, 55 ஆகிவிடாது. அவரை ரிசீவராக வெளியே அனுப்ப யாரோ முடிவு செய்ததால் வந்தது அது.

அந்த லைன்தான் அந்த வருடம் சிறந்த ஆஃபென்சிவ் லைனுக்கான ஜோ மூர் விருது வாங்கியது. அதை மறந்துவிட்டுப் பேசாதீர்கள்.

மூணாவது டவுன்:
விளக்கத்துக்கு நன்றி ராசா அண்ணே. ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கம்தான் வருகிறது. எந்த இடம் காலி என்று கண்டுபிடிப்பவன் யார்?

டெக்சாஸ் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பர் 7, ஆஸ்டின். எல்எஸ்யூ 37, டெக்சாஸ் 31. மிச்சம் இரண்டரை நிமிடம், மூன்றாவது டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), 17 யார்டு வேண்டும். டெக்சாஸ் ஆட்களை அள்ளிக்கொண்டு பாய்கிறது. பேரோ பின்வாங்கவில்லை. நெருக்கடிக்குள்ளேயே முன்னால் அடியெடுத்து வைத்து, ஜஸ்டின் ஜெஃபர்சன் கையில் போடுகிறான். 61 யார்டு டச்டவுன். கடைசியில் 45-38. அந்த அடியைச் சொல்லித்தர முடியுமா?

அப்புறம் பிரிந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். பிரேடி தொழில்முறை அணியான கரோலைனா பேந்தர்ஸுக்கு ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டராகப் போனார். 2021 சீசன் முடிவதற்குள் நீக்கிவிட்டார்கள். அதே சீசனில் பேரோ சின்சினாட்டியைத் தொழில்முறை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் போல் வரை கொண்டுபோனான்.

டெத்வேலி தமிழன்:
கதையை 2021-இல் நிறுத்தாதே தம்பி. பிரேடி அப்புறம் பஃபலோவில் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஆனார். 2024 சீசனில் அவரிடம் ஆடிய குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன்தான் எம்விபி, லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்.

எல்எஸ்யூ 2020-இல் என்ன ஆனது? ஆட்டத்துக்கு 32.0 புள்ளி. கிட்டத்தட்ட பிரேடி வருவதற்கு முன் இருந்த அதே இடம். ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. என்ஸ்மிங்கர் அப்போதும் இருந்தார்.

மூணாவது டவுன்:
2020 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) அந்த அணியிலிருந்து 14 பேர் போனார்கள். பேரோ முதல் ஆளாக. சேஸும் அந்த சீசன் ஆடவில்லை. அதெல்லாம் கணக்கில் வராதா?

அயோவா சோளக்காடு:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். எல்எஸ்யூவில் பேரோவும் பிரேடியும் ஒரே ஒரு சீசன்தான் சேர்ந்திருந்தார்கள், ஒன்றாகவே போனார்கள். அதனால்தான் உங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் அயோவா பல்கலைக்கழக அணியைப் பாருங்கள்.

2023-இல் கோஆர்டினேட்டர் பிரையன் ஃபெரென்ட்ஸ், தலைமைக் கோச்சின் மகன். ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். எடுத்தது 15.4. கினிக் ஸ்டேடியத்தில் பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுக்கிற பன்டர் டோரி டெய்லருக்கு டச்டவுன் போட்டவனுக்குக் கிடைக்கிற ஆரவாரம் கிடைத்தது. எங்களுக்கு அவர் மேல் உண்மையான அன்பு, ஆனால் அந்த நிலைமை எனக்கு வலித்தது.

2024-இல் டிம் லெஸ்டர் வந்தார். பந்து கைமாறுவதற்கு முன்பே ஆட்களை நகர்த்தி எதிரணியைக் குழப்பினார். புள்ளி 27-ஐத் தாண்டியது. ரன்னிங் பேக் கேலெப் ஜான்சன் முந்தைய வருடம் 463 யார்டு ஓடியவர், அந்த வருடம் 1,537. குவார்ட்டர்பேக் நிலை இரண்டு வருடமும் தடுமாற்றம்தான், அதனால் இதை ஒரு பேரோவின் கணக்கில் எழுத முடியாது.

ஆனால் 2023-இல் 10 ஆட்டம் ஜெயித்தோம், 2024-இல் 8. ஆஃபென்ஸ் தேறியது, வெற்றி குறைந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓ-லைன் ராசா:
நல்ல உதாரணம் சோளக்காடு. எல்எஸ்யூவில் பிரிக்க முடியாததை இங்கே பிரித்துப் பார்க்க முடிகிறது.

எனக்கு இந்தப் பேச்சில் குறையாகப் படுவது ஒன்றுதான், என்ஸ்மிங்கர். 60 வயதை எட்டியவர், எல்எஸ்யூவிலேயே குவார்ட்டர்பேக்காக ஆடியவர். தன் வயதில் பாதி இருக்கிற பையன் கொண்டுவந்த முறையைத் தன் பிளேபுக்கில், அதாவது ஆட்டத் திட்டத் தொகுப்பில், சேர்த்துக்கொண்டார். சிறந்த உதவிக் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது பிரேடிக்குப் போனது. இவர் தன் வேலையைப் பார்த்தார். இவர் முரண்டு பிடித்திருந்தால் பிரேடியும் இல்லை, 60 டச்டவுனும் இல்லை.

2019 டிசம்பர் 28, ஒக்லஹோமாவோடு பீச் போல் அரையிறுதி. அன்று காலை நடந்த விமான விபத்தில் அவருடைய மருமகள் இறந்துபோனார். ஆட்டத்துக்கு முன்பே அவருக்குச் செய்தி தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே தன் இடத்தில் போய் உட்கார்ந்து ப்ளே சொன்னார். முதல் பாதியிலேயே பேரோ ஏழு டச்டவுன் பாஸ். 63-28.

மூணாவது டவுன்:
என்ஸ்மிங்கர் பற்றிச் சொன்னதை முழுசாக ஏற்கிறேன் அண்ணே. நானே அவரை இரண்டே வரியில் தாண்டிப் போனது தப்பு. அயோவாவின் 463, 1,537-க்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. பேரோ விஷயத்தில் மட்டும் நான் நகரவில்லை. இன்று இரவு டெக்சாஸ் ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்க்கப் போகிறேன், இந்த முறை பந்தை விட்டுவிட்டு ரிசீவர்கள் எங்கே ஓடுகிறார்கள் என்று மட்டும்.