'என் கடன் பணி செய்து கிடப்பதே': விடுபட்ட அடியைத் தேடிய அனுபவம்

கடலூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என் மேசைக்கு எதிர்ச்சுவரில் 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்ற வரி, 'திருக்குறள்' என்ற குறிப்புடன் பல ஆண்டுகள் தொங்கியது. நண்பர் ஒருவரின் பணி ஓய்வு விழாவுக்கு வாழ்த்து மடல் எழுதும்போது குறள் எண்ணையும் சேர்க்கலாம் என்று தேடினேன். 1330 குறளிலும் அந்த வரி இல்லை. திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் ஓதுவார் ஒருவரிடம் கேட்டேன். அவர் ஏட்டைப் புரட்டாமலே பாடினார்:

நங்கடம்பனைப் பெற்றவள் பங்கினன்
தென்கடம்பைத் திருக்கரக் கோயிலான்
தன்கடன் அடியேனையும் தாங்குதல்
என்கடன் பணி செய்து கிடப்பதே.

அப்பர் பெருமானின் தேவாரம், ஐந்தாம் திருமுறை. பாடப்பெற்ற தலம் நம் மாவட்டத்திலேயே காட்டுமன்னார்கோயிலை அடுத்த மேலக்கடம்பூர். நங்கடம், தென்கடம், தன்கடன், என்கடன் என்று நான்கு அடிகளிலும் ஓடிவரும் எதுகையைக் கேட்ட பிறகுதான், 'கடன்' என்ற சொல் ஊர்ப் பெயரின் ஓசையோடு இணைந்தே வந்திருப்பது எனக்கு விளங்கியது. ஆனால் என்னை உலுக்கியது மூன்றாம் அடி. அடியேனையும் தாங்குவது அவன் கடன் என்று முதலில் சொல்லிவிட்டு, அந்த உறுதியின் மேல் நின்றே தம் கடனை அப்பர் சொல்கிறார். முன்னடியை வெட்டிவிட்டு ஊழியர்களின் கண்ணெதிரே மாட்டும்போது, தாங்குபவனை நம்பி ஓர் அடியவர் தாமே ஏற்ற கடன், மேலிடத்து ஆணையாகிவிடுகிறது. இதை நான் சிறிய பிழையாகக் கருதவில்லை. பின்னர் மேலக்கடம்பூருக்கும் சென்று, சக்கரங்களும் குதிரைகளுமாகக் கல்லில் தேர் வடிவில் அமைந்த அந்தக் கரக்கோயிலின் முன் நான்கு அடிகளையும் சொல்லி வணங்கினேன்.

மடலில் நான்கு அடிகளையும் எழுதிக் கொடுத்தேன்.

*

ஐயா, தங்கள் அனுபவத்தைப் படித்தேன்; வாசகனான எனக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. நான் வடலூர்ப் பக்கம். 'வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்' என்ற வள்ளலாரின் வரியை உழவர் கூட்டப் பதாகைகளிலேயே கண்டு வளர்ந்ததால், அது பயிரோடு முடிந்துவிடுகிறது என்றே எண்ணியிருந்தேன். திருவருட்பாவின் ஆறாம் திருமுறையில், பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில் அதே பாடலைப் படித்தபோது, தொடர்ந்து வருவது 'பசியினால் இளைத்தே வீடுதோறு இரந்தும் பசியறாது அயர்ந்த வெற்றரைக் கண்டுளம் பதைத்தேன்' என்றிருந்தது. 1867-இல் அவர் தொடங்கிய தருமசாலையில் இன்றும் அணையாமல் எரியும் அடுப்பைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன்; அந்தப் பாட்டின் அடுத்த அடி அதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.